சுந்தரதாஸ் டிக்கெட் கேட்காமல் விட்ட ஒன்று

அதியன்னூரில் தாணுமாலயன் என்பவருடைய வீட்டு முன்னறையில் கடல் மீன் வளர்க்கிற ஒரு கடல்வெள்ளத் தொட்டி உண்டு. அதன் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி. அந்த ஆணியில் ஒரு ஜோடி மஞ்சள் ரப்பர் கையுறை எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். அது ஏன் அங்கே வந்தது என்று வீட்டுக்காரருக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. மீனுக்காக என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த வீட்டில் தூத்துத் துடைக்கிற ஓமனாவுக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் ஓமனா தொட்டிக்குள் கைவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கும்போது கை கல்லில் உரசிவிட்டது. எடுத்துப் பார்த்தால் விரலெல்லாம் தூசு போல முள். தீயில் வைத்தது போல எரிந்தது. வீட்டுக்காரி சுகுமாரியிடம் சொன்னால், தொட்டியைத் துடைக்கத் தெரியாதவள் என்று வேறு ஆளைப் பார்த்துவிடுவாளோ என்று பயம். கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு வேலையைச் செய்தாள். தொட்டிக்கு வெள்ளம் மாற்ற வந்திருந்த சுந்தரதாஸுக்கு இடது கையால்தான் சாயா கொண்டு வந்து நீட்டினாள்.

அவர் சாயாவை வாங்கி ஓரமாக வைத்தார்.

"கையக் காட்டு மக்கா."

"ஒண்ணும் இல்லண்ணா."

"இல்லாத்த கையத்தான் காட்டச் சொல்லுதேன்."

காட்டினாள். அவர் பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்து, விரலில் ஒட்டி ஒட்டி உரித்தார். ஒவ்வொரு உரிப்பிலும் கொஞ்சம் முள் வந்தது. "இது முள்ளுப்புழுவாக்கும். கல்லோட கூட வந்தவன். ஆளு கெட்டவன் இல்ல. தொட்டா மட்டும் கோவம் வரும், உனக்க மாமியாரப் போல" என்றார். ஓமனா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

அடுத்த தடவை வந்தபோது கையுறையைக் கொண்டு வந்து ஆணி அடித்து மாட்டினார். சுகுமாரி கேட்டதற்கு, "கையில உள்ள சோப்பு வெள்ளத்துல எறங்கினா மீனுக்கு ஆகாது. ஆரானாலும் இத இட்டுக்கிட்டுத் தொடணும்" என்றார். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. ஓமனாவின் பேர் அதில் வரவேயில்லை.

இந்த விஷயம் அவருடைய மனைவி புஷ்பபாய்க்கே அவர் போன பிறகுதான் தெரிய வந்தது. கூடவே இருந்தும் ஒரு மனுஷனைப் பற்றி எவ்வளவு தெரியாமல் இருந்திருக்கிறேன் என்று அன்றைக்கு அவள் நினைத்தாள்.

சுந்தரதாஸுக்கு ஊர் குன்னத்துகால். அப்பா சபைக் கோயிலில் மணி அடித்தவர். இவர் சின்ன வயதில் பஸ்ஸில் கிளியாக, அதாவது வாசலில் நின்று ஆள் ஏற்றி இறக்குகிற பையனாக ஏறி, பிறகு கண்டக்டர் ஆனார். பாறசாலைக்கும் பூவாறுக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ். டிக்கெட் எடுக்காமல் ஏறினவனை அவர் நடுவழியில் இறக்கி விட்டதே இல்லை என்பார்கள். பக்கத்தில் போய்க் குனிந்து, மற்றவன் காதில் விழாதபடி, "எங்க ஏறின? எங்க எறங்கணும்?" என்று கேட்பார். சிலர் காசு தருவார்கள். சிலர் அழுவார்கள். கேட்காமல் மட்டும் விடமாட்டார். கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒருத்தனை நல்லவன் என்றோ கள்ளன் என்றோ சொல்லக்கூடாது என்பது அவருடைய நியாயம்.

கொரோனா வந்து பஸ் நின்றது. நின்றது நின்றதுதான். பாறசாலையில் அலங்கார மீன் விற்கிற கடையில் தொட்டி கழுவுகிற வேலைக்குப் போனார். அப்புறம் வீடு வீடாகப் போய்த் தொட்டி பார்க்கிற வேலை. வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் வீடுகளில் கடல்வெள்ளத் தொட்டி வைக்கிற ஆசை பரவிய காலம் அது. தொட்டிக்குள் அழகுக்குக் கல் வைப்பார்கள். கடலில் கிடந்த கல்லென்றால் அது வெறும் கல்லாக வராது. பொந்துக்குள்ளும் மேலும் கீழுமாக என்னென்னவோ ஒட்டிக்கொண்டு வரும். வாங்கினவனுக்கும் தெரியாது, விற்றவனுக்கும் தெரியாது. கொஞ்ச நாள் கழித்து ஒவ்வொன்றாகத் தலை நீட்டும்.

அவற்றுக்கு அவர் வைத்த பேர், டிக்கெட் எடுக்காமல் ஏறினவர்கள்.

யாருடைய தொட்டியில் அப்படி ஒன்று தலை நீட்டினாலும் படம் பிடித்து அவர் போனுக்குத்தான் அனுப்புவார்கள். திருப்புறத்து வீட்டுக்காரி பிரசீதா ஒரு தடவை போனில் கத்தினாள். "அண்ணா, தொட்டிக்குள்ள பாம்பு! கல்லுக்க அடியில இருந்து வாலு ஆட்டுகு!"

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "பாம்பு இல்ல மக்கா. நட்சத்திர மீனுக்க காலு. சாப்பாட்டு மிச்சத்தத் தின்னுட்டு ஒரு ஓரத்துல கெடக்கும். இருந்துட்டுப் போகட்டும்."

"நட்சத்திரத்துக்குக் காலா? அண்ணன் ரெண்டு கிளாஸ் விட்டிருக்கியளா?"

"நான் சபைக்காரனாக்கும்."

"சபைக்காரங்க விடாததா!"

இப்படிப் பேச்சு போகும். ஆனால் படத்தை மட்டும் பார்த்து அவர் முடிவு சொல்கிறது அபூர்வம். நேரில் போய், பிடிக்க முடிந்தால் பிடித்து, கண்ணாடிக் குப்பியில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வருவார். சமையல்கட்டு ஜன்னலில் அந்தக் குப்பிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் குழாய் காற்று விட்டுக்கொண்டிருக்கும். ஒரு துண்டு பாசியும் ஒரு துண்டு இறாலும் போடுவார். பாசியைத் தின்றால் ஒரு நியாயம், இறாலைத் தின்றால் இன்னொரு நியாயம். நண்டு என்றால் கொடுக்கின் நுனியைப் பார்ப்பார். நுனி கூர்ந்து கறுத்திருந்து உடம்பெல்லாம் மயிராக இருந்தால், "நீ ஆள் சரியில்ல, உனக்குத் தனி அறைதான்" என்று அதோடேயே பேசுவார்.

"எனக்க ஊறுகாய்க் குப்பியெல்லாம் புழுவுக்கு வீடாப் போச்சு" என்பாள் புஷ்பபாய்.

"எங்க ஏறினான்னு தெரியாண்டாமா பிள்ளே?"

"தெரிஞ்சு? டிக்கெட் கிழிக்கப் போறியளா?"

அவர் சிரிப்பார். தெரிந்த பிறகு, தொட்டிக்கு ஆகாதது என்றால் பூவாறு போகும்போது கொண்டு போய்க் கடலில் விட்டுவிடுவார். எல்லாம் சரியாகச் சொல்லிவிடுகிற ஆளும் இல்லை அவர். கண்ணாடி போல மினுங்கின, பூ மாதிரி விரிகிற ஒரு சின்ன ஜீவனைப் பார்த்து, "இது பாவம்" என்று விட்டுவிட, அது ஒரு வீட்டுத் தொட்டி முழுக்கப் பெருகி மற்றதையெல்லாம் சுட்டுப் போட்டது. அந்த வீட்டுக்கு ஒரு மழைக்காலம் பூரா நடந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கொடுத்தார். "எனக்க கண்ணு பொய் சொல்லிட்டு. நான்தான் கூட ரெண்டு நாள் பாத்திருக்கணும்" என்று அந்த வீட்டுக்காரர்களிடமே சொன்னார். சபையில் ஜெபம் பண்ணச் சொன்னால்கூட அவர் பெரிதாக எதுவும் கேட்கமாட்டார். கர்த்தாவே, பார்க்கிற கண்ணைத் தாரும் என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

போன கர்க்கடக மாதத்தில், ஆடி மழையில்தான் அந்தக் கல் வந்தது.

பூவாறில் அவருக்குப் பழக்கமான வள்ளக்காரர் ஒருத்தர் உண்டு. வலையில் சிக்கி வந்த கல்லைத் திரும்பக் கடலில் போடாமல் கரையில் வைத்திருந்தார். நல்ல பொந்து பொந்தான கல். தாணுமாலயனுக்கு அது பிடித்துப்போய்விட்டது. தொட்டியில் வைத்தார்கள். கொஞ்ச நாளில் தொட்டியில் மீன் குறைய ஆரம்பித்தது. மேலே பிணமும் மிதக்கவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் ஒன்று இல்லை, அவ்வளவுதான். கூடவே ஒரு சத்தம். கண்ணாடியில் யாரோ நகத்தால் சுண்டுவது போல, டக் டக் என்று.

"எனக்க வீட்டுல கள்ளன் கேறிட்டான் தாஸே" என்றார் தாணுமாலயன். "கேட்டத் தொறந்து விட்டது நீயாக்கும்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அது சுந்தரதாஸுக்குத் தைத்துவிட்டது. கல்லை வெளியே எடுத்து, பொந்து பொந்தாக டார்ச் அடித்துப் பார்த்தார். ஆழத்தில் ஒரு பொந்தில் ஏதோ அசைந்தது போல இருந்தது. சத்தம் போடுகிற, மீனை அடித்துக் கொல்லுகிற ஒரு இறால் இனம் உண்டு. அதுவாகத்தான் இருக்கும் என்று எண்ணினார். இறால் துண்டு காட்டினார், வரவில்லை. உப்பில்லாத நல்ல வெள்ளத்தில் முக்கினார், வரவில்லை. கல் கனமாக இருந்ததால் சுத்தியலால் இரண்டாக உடைத்தார். ஒரு பாதியை ஸ்கூட்டரில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தார். மறு பாதியைத் தாணுமாலயன் வீட்டுக்குப் பின்னால் உள்ள வேலையறையில், வாளியில் கடல்வெள்ளத்தோடு வைத்துவிட்டு வந்தார்.

வழக்கமாக என்றால் அப்படிப்பட்ட கல்லை வெயிலில் போட்டுவிடுவார். நாலு வாரம் வெயில் பட்டால் உள்ளே இருப்பது தீரும், கல்லும் சுத்தமாகும். ஆனால் கர்க்கடகத்தில் வெயிலுக்கு எங்கே போவது? மழை விட்டபாடில்லை. தாணுமாலயனும் சுகுமாரியும் மகன் வீட்டுக்கு மும்பைக்குப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் கல்லைச் சுத்தமாக்கிப் பழையபடி வைத்துவிட வேண்டும் என்று அவருக்கு மனசில் ஒரு அவசரம். சிப்பி வாங்கினால் நம் பக்கத்தில் என்ன செய்வோம்? நன்றாகத் திளைக்கிற, அதாவது கொதிக்கிற வெள்ளத்தில் அவிப்போம். ஓடு தானாகத் திறக்கும், ஒட்டியிருப்பதெல்லாம் கழன்று வரும். கல்லையும் அப்படி அவித்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் ஓமனாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னார். "நாளைக்குக் காலையில ஒரு கெட்டில் வெள்ளம் நல்லாத் திளைக்க வெச்சு, வாளியில உள்ள கல்லுல ஊத்து மக்கா. பிறகு பிரஷ் வெச்சுத் தேச்சுப் போடு. கையுறை இட்டுக்க, மறக்காண்டாம்."

பிறகு புறக்கடையில் கூரை இறக்கிய சாய்ப்பில் அடுப்பு மூட்டினார். சாரல் அடுப்பை அணைக்கிறது என்று மூன்று பக்கமும் தார்ப்பாயைத் தாழ்த்திக் கட்டினார். புஷ்பபாய் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தாள்.

"எனக்க கெழங்கு அவிக்கிற பானையா அது?"

"கழுவித் தாறேன்."

"கல்ல அவிச்சு ஆரு திங்க?"

"வெந்தாச் சொல்லுதேன், நீ கொழம்பு வெய்யி."

அவள் குனிந்து கல்லைப் பார்த்தாள். கல்லின் மேல்பக்கம் முழுக்க, பழுப்பு நிறத்தில், தோல் போலத் தடிப்பாக ஒன்று பற்றிப் பிடித்திருந்தது. அதில் வட்டம் வட்டமாக, பொத்தான் தைத்தது போல.

"இது என்னது, மேல பத்தி இருக்கது?"

"இதா? இது நம்ம கரைக்காரனாக்கும். விழிஞ்ஞத்துப் பாறையில நீ பாத்ததில்லியா? பாறை பூரா இவன்தான். சின்னதுல இதுக்க மேல ஏறி வழுக்கி விழுந்து பல்லு போனவன் நானு. இவன்ட்டப் போய் டிக்கெட் கேக்காண்டாம். உள்ள இருக்கவன்தான் கள்ளன்."

அவள் குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

கூட்டம் முடிந்து வரும்போது அவர் பானையை இறக்கிக்கொண்டிருந்தார். தார்ப்பாயைத் தூக்கி உள்ளே நுழைந்ததும் அவளுக்கு நாக்கில் ஒரு கைப்பு. செம்புக்காசை நக்கினது போல. "என்ன நாத்தம் இது?" என்று இருமிக்கொண்டே தார்ப்பாயை அவிழ்த்துவிட்டாள். அவரும் இருமிக்கொண்டிருந்தார். மூக்கிலிருந்து வெள்ளமாக ஒழுகியது. புகை அடித்துவிட்டது என்றார். கல் சுத்தமாக வெளுத்திருந்தது. பொந்துக்குள் குச்சி விட்டுப் பார்த்தார். உள்ளே ஒரு இறாலும் இல்லை. ஒரு புழு மட்டும் செத்துக் கிடந்தது.

"இவனா?" என்று அவர் கேட்டது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. "இவன் அந்தச் சத்தம் போடமாட்டானே."

சாயங்காலமே குளிர் வந்துவிட்டது. இரண்டு போர்வை போர்த்தியும் நடுங்கினார். மழையில் நனைந்த காய்ச்சல் என்று கஞ்சி வைத்துக் கொடுத்தாள். இரண்டு வாய் குடித்துவிட்டு, கைப்பாக இருக்கிறது என்று வைத்துவிட்டார். விடிந்தபோது காலை அசைக்க முடியவில்லை. தொடையெல்லாம் யாரோ உலக்கையால் இடித்தது போல இருக்கிறது என்றார். மூச்சு மேல் மேலாக வாங்கியது. பக்கத்து வீட்டு ஜிஜின் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் ஓடி வந்து தூக்கி ஏற்றி, நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். வண்டியில் அவள் மடியில் தலை. அவருடைய நெற்றி தீயாகக் கொதித்தது.

டாக்டர் ஆதிரா என்று ஒரு சின்ன வயதுப் பெண். பார்த்த உடனே அவர் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் வைத்தாள், இரத்தம் எடுக்கச் சொன்னாள். புஷ்பபாயைத் தனியாக நிறுத்தி மலையாளத்தில் கேட்டாள், வீட்டில் எதையாவது எரித்தீர்களா, மருந்து ஏதாவது அடித்தீர்களா என்று.

"ஒண்ணும் இல்ல டாக்டரே. கல்லு அவிச்சது மட்டும்தான்."

"கல்லோ?" டாக்டர் பேனாவை நிறுத்தினாள். "எந்து கல்லு?"

புஷ்பபாய் சொன்னாள். கடலில் கிடந்த கல். மேலே பழுப்பாகத் தோல் போல, பொத்தான் பொத்தானாக இருந்தது. டாக்டர் வெளியே போய் யார் யாருக்கோ போன் பண்ணினாள். திரும்பி வந்து தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். "இதாணோ?"

அதுவேதான். புஷ்பபாய் தலையை ஆட்டினாள்.

டாக்டர் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, இரண்டு பேருக்கும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னாள். இந்த ஜீவன் கடலில் சும்மா கிடக்கும்போது ஒன்றும் செய்யாது. ஆனால் அதன் உடம்பில் பொல்லாத விஷம் உண்டு. அவித்தாலும் சாகாத விஷம். சூடுவெள்ளம் பட்டால் ஆவியோடு ஏறி வரும். அதை அடைத்த இடத்தில் சுவாசித்தால் இப்படித்தான் ஆகும். இதற்கு மாற்று மருந்து என்று ஒன்று கிடையாது. மூச்சுக்கு மெஷின் வைத்து, உடம்பைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளலாம். நாங்கள் செய்கிறோம், நீங்கள் ஜெபியுங்கள்.

சுந்தரதாஸ் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மாஸ்க்குக்குள்ளே அவருடைய உதடு அசைந்தது. புஷ்பபாய் குனிந்தாள்.

"கரைக்காரன்னு... கேக்காம விட்டேன் பிள்ளே."

"பேசாண்டாம். பேசாம கெடயுங்க."

சட்டென்று அவர் கண்ணைத் திறந்தார். கையைத் துழாவி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவ்வளவு பலம் அந்தக் கையில் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"ஓமனா."

"என்னது?"

"மத்த பாதி. அவள்ட்ட... சூடுவெள்ளம் ஊத்தச் சொன்னேன். இண்ணைக்குக் காலையில. விளிச்சுச் சொல்லு."

அவள் போனை எடுத்து ஓமனாவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வேலைக்கு வந்தால் ஓமனா போனைப் பையில் போட்டு, பையை வாசலில் மாட்டிவிடுவாள். சுகுமாரிக்கு அதுதான் பிடிக்கும். தாணுமாலயனின் போன் அணைந்து கிடந்தது. அவர்கள் மும்பையிலிருந்து திரும்பி வர இன்றைக்குத்தான் விமானம் ஏறுகிறார்கள். அவள் மறுபடி மறுபடி அடித்தாள்.

"நீ போ" என்றார் அவர்.

"நான் போவதா? உங்கள இப்பிடி விட்டுட்டா?"

"அந்த வேலையறைக்கு ஜன்னலு கெடையாது. ஒரு கெட்டில் போரும்."

"ஜிஜினை அனுப்புதேன்."

"அவன் சொன்னா அவ கேப்பாளா? ஆட்டோக்காரன் ஒருத்தன் வந்து வெள்ளம் ஊத்தாதேண்ணு சொன்னா, சிரிச்சுட்டு ஊத்துவா. நான் சொன்னதாக்கும் அவளுக்கு வேதம். நீ போனா நிப்பா."

அவள் டாக்டரைப் பார்த்தாள். மெஷின் வைக்கும் அறைக்குக் கொண்டு போகப் போகிறோம், போனால் உடனே வந்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னாள். அந்த முகத்தில் நல்ல சேதி ஒன்றும் இல்லை. புஷ்பபாய் அதைக் கண்டாள். இந்த நேரத்தில் கட்டிலை விட்டு நகர்ந்தால் திரும்ப இவர் குரலைக் கேட்போமோ என்று அவளுக்குள் ஒன்று பதறியது. இங்கே கட்டினவர். அங்கே மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிற ஒருத்தி. கர்த்தாவே, ஏன் என்னை இப்படி இரண்டாக வெட்டுகிறீர் என்று மனசுக்குள் கேட்டாள். மணிக்கட்டைப் பிடித்திருந்த கைதான் அவளை விட்டது. விட்டுவிட்டு, வாசல் பக்கம் தள்ளியது.

அவள் எழுந்தாள். கதவு வரைக்கும் போனவளை அவர் ஒரு தடவை திரும்பக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். கேட்டுக்கொண்டு ஓடினாள்.

ஜிஜின் ஆட்டோவை அதியன்னூருக்கு விரட்டினான். மழை கண்ணாடியில் அடித்தது. அவள் வாயில் இன்னும் அந்தக் கைப்பு இருந்தது. ஜெபிக்கப் பார்த்தாள், வார்த்தை கூடவில்லை. கர்த்தாவே, கர்த்தாவே என்று மட்டும் வந்தது. வழியில் லாரி ஒன்று குறுக்கே நின்றபோது அவள் இறங்கி நடக்கவே ஆரம்பித்துவிட்டாள். ஜிஜின் இறங்கி வந்து, "அக்கா, கேறுங்க, நான் எடுத்துருவேன்" என்று கையைப் பிடித்து ஏற்றினான்.

தாணுமாலயன் வீட்டு கேட்டைத் தள்ளிக்கொண்டு பின்பக்கமாக ஓடினாள். வாசல் கொக்கியில் ஓமனாவின் பை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கெட்டில் கூவுகிற சத்தம் கேட்டது. வேலையறைக் கதவு, மழைச் சாரலுக்காகச் சாத்தியிருந்தது. தள்ளித் திறந்தாள். ஓமனா மஞ்சள் கையுறையோடு, கெட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாளிக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

"வெய்யி! ஓமனா, கீழ வெய்யி!"

ஓமனா திடுக்கிட்டுக் கெட்டிலைத் தரையில் வைத்தாள். கொஞ்சம் வெள்ளம் சிந்தி அவள் பாதத்தில் பட்டது. "என்னக்கா? அண்ணன்தான் ஊத்தச் சொன்னாரு. கையுறையும் இட்டிருக்கேனே."

"ஊத்துனியா?"

"இல்ல. இப்பத்தான் திளைச்சுது."

புஷ்பபாய் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். அந்தக் கல்லை யாரும் தொடக்கூடாது, வெள்ளம் ஊற்றக்கூடாது, விஷம் என்றாள். அவர் சொல்லச் சொன்னதையும் அப்படியே சொன்னாள். ஓமனா மழையில் முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கையுறையைக் கழற்றவும் இல்லை. அதே கையால் முகத்தைப் பொத்தப் போனாள். புஷ்பபாய் பிடித்துத் தடுத்து, கையுறையை அவளே உரித்து எடுத்தாள்.

"அண்ணனுக்கு எப்படி இருக்கு?" என்று ஓமனா கேட்டாள்.

"போய்ப் பாக்கணும்" என்றாள் புஷ்பபாய்.

திரும்பிப் போனபோது கட்டில் காலியாக இருந்தது. மெஷின் அறைக் கண்ணாடி வழியாகத்தான் காட்டினார்கள். வாயில் குழாய். கண் மூடியிருந்தது. பிறகு அந்தக் கண் திறக்கவில்லை. கொல்லத்தில் கட்டிக்கொடுத்த மகள் லிஜா ஓடி வந்து, அப்பா அப்பா என்று காதோரம் கூப்பிட்டுப் பார்த்தாள். டாக்டர் ஆதிரா வேலை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றாள். ஞாயிற்றுக்கிழமை, ஊர்ச் சபையில் இரண்டாவது மணி அடிக்கிற நேரத்தில், அவர் மூச்சு நின்றது. அவருடைய அப்பா ஒரு காலத்தில் அடித்த மணி அது.

கல்லறைத் தோட்டத்தில் சேறு. குடையெல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. போதகர் வாசித்தது மழைச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. தாணுமாலயன் வந்து புஷ்பபாய்க்கு முன்னால் நின்றார். குடையை அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தான் நனைந்து நின்றார்.

மீன்வளம் படித்த இரண்டு பேர் முகமூடி போட்டுக்கொண்டு வந்து, இரண்டு பாதிக் கல்லையும் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். கிழங்குப் பானையையும் கொடுத்துவிட்டாள். ஜன்னலில் இருந்த குப்பிகளில் ஒன்றில் ஒரு சின்ன நண்டு மட்டும் மிச்சம் இருந்தது. ஜிஜின் ஆட்டோவில் பூவாறுக்குப் போய் அவளே அதைக் கடலில் விட்டுவிட்டு வந்தாள். அது எங்கே ஏறினது, எங்கே இறங்க வேண்டியது என்று அவளுக்குத் தெரியாது. கரையோரப் பாறையில் அந்தப் பழுப்புத் தோல் அலையில் நனைந்து மினுங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அதன்மேல் ஏறி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தாணுமாலயன் வீட்டுத் தொட்டியில் டக் டக் சத்தம் இன்னும் கேட்கிறது என்று ஓமனா வந்து சொன்னாள். கள்ளன் அந்தக் கல்லில் இருக்கவே இல்லை. தொட்டிக்குள்ளேயே வேறெங்கோ இருக்கிறான். அதைக் கண்டுபிடிக்க இனி ஆளில்லை. அன்றைக்குத்தான் கையுறையின் கதையையும் அவள் சொன்னாள். கேட்டபோது புஷ்பபாய்க்கு ஆஸ்பத்திரிக் கதவும், அங்கிருந்து அவர் திரும்பக் கூப்பிட்டதும் நினைவுக்கு வந்தன. கதவில் கை வைத்தபடி அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் மாஸ்க்கை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கு மூச்சு நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"பிள்ளே, அவளப் பேடிப்பிக்காண்டாம், பயந்துருவா. கல்லு கெட்டுப்போச்சுண்ணு அந்த வீட்டுல கேட்டா, ஓமனாவுக்க பேரு வரப்பிடாது. நான் தப்பாச் சொல்லிட்டேன், பிறகு நான்தான் வேண்டாம்ணு ஆளு விட்டேண்ணு சொல்லு. ஆரு கேட்டாலும் எனக்க பேரச் சொல்லு."